திட்டமிட்ட குடியிருப்பும் தமிழர் வாழ்விடமும்: பெட்டாலிங் ஜெயாவை முன்வைத்து

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பாகங்களாகக் காட்டுகிறது. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் கைவினைஞரும் சிறுவணிகரும் மீன், உப்பு விற்போரும் அயல்நாட்டு யவனரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருவணிகர் மாடங்களும் அந்தணர், மருத்துவர், கணியர் ஆகியோரின் இருக்கைகளும் அமைந்திருந்தன. யார் எங்கே குடியிருப்பது என்பதை நகரமைப்பே முடிவு செய்தது என்பதற்குத் தமிழ் இலக்கியத்தில் இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இக்காதையை வகுப்பறையில் நடத்தும்போது தெருக்களின் பட்டியலாக மட்டும் அதனைக் கடந்து சென்றுவிடுகிறோம். அந்தப் பட்டியலை நாம் வாழும் நகரத்தின்மீது பொருத்திப் பார்த்தால் என்ன தெரியும் என்பதே இக்கட்டுரையின் வினா.

அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெட்டாலிங் ஜெயா வாயிலைக் கடந்து, கூட்டரசு நெடுஞ்சாலையைத் தாண்டி, ஜாலான் காசிங் பகுதியை அடைந்தால் போதும். ஐந்தாம் பிரிவின் சாலைகள் காசிங் குன்றின் சரிவைத் தழுவி வளைந்து செல்கின்றன. பெரிய மனைகளின் நடுவே தனி வீடுகள் நிற்கின்றன. சாலையோர மரங்கள் அறுபது ஆண்டு வயதின. நண்பகலிலும் தெருவில் நடமாட்டம் குறைவு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வசதி படைத்தோர் விரும்பித் தேடும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் பெட்டாலிங் ஜெயா வசதி படைத்தோருக்கென வகுக்கப்பட்ட நகரன்று. கோலாலம்பூரின் நெரிசலில் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தோருக்கு வீடு தருவதே அதன் தொடக்க நோக்கம். அந்த நோக்கம் எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தில் தமிழருள் யார் உள்ளே வந்தனர், யார் வெளியே நின்றனர் என்பதை ஈண்டுக் காண்போம்.

பூங்கா நகர்க் கொள்கையும் அதன் பயணமும்

இவ்வகைக் குடியிருப்புகளுக்கெல்லாம் மூலம் ஒரு நூல். இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் 1898இல் வெளியிட்டு 1902இல் வேறு தலைப்பில் மறுபதிப்புச் செய்த அந்நூல், 'பூங்கா நகர்' என்னும் கருத்தை முன்வைத்தது. நகரத்தின் தொழிலும் நாட்டுப்புறத்தின் காற்றும் ஒருங்கே அமைந்த சிறு நகரங்களை நகருக்கு வெளியே அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம் எனப் பொதுவாகச் சொல்லப்படும். அது பாதி உண்மைதான். ஹோவர்டின் திட்டத்தில் மரங்களையும் அகன்ற சாலைகளையும் விட முதன்மையானது நிலவுடைமை. நிலம் முழுவதும் ஊர்ப் பொதுவில் இருக்கும். குடியிருப்போர் குத்தகைக்கு மனை பெறுவர். நகர் வளர வளர உயரும் நில மதிப்பு தனியாரிடம் செல்லாது ஊருக்கே திரும்பும். 1903இல் தொடங்கப்பெற்ற லெட்ச்வொர்த் நகரில் மனைகள் 99 ஆண்டுக் குத்தகையில் வழங்கப்பட்டமைக்கு இதுவே காரணம். இந்த 99 என்னும் எண்ணைப் பின்னரும் காண்போம்.

இக்கொள்கை சப்பானுக்குச் சென்ற வரலாறு நமக்குப் பாடமாக அமையத்தக்கது. தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி 1918இல் பூங்கா நகர் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். (2024 சூலையில் வெளிவந்த 10,000 யென் தாளில் உள்ள உருவம் இவருடையதே.) அவருடைய மகன் ஹிடேயோ மேலைநாடுகளின் புறநகர்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். தோக்கியோவின் தென்மேற்கே தெனென்சோஃபு என்னும் குடியிருப்பு 1923இல் விற்பனைக்கு வந்தது. இரயில் நிலையத்தின் மேற்கே அரைவட்ட வடிவில் தெருக்கள் விசிறிபோல் விரிந்தன. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் தோக்கியோவின் உள்நகர் எரிந்தழிந்தது. புறநகர்க் குடியேற்றம் அதன்பின் விரைவுற்றது. நடுத்தரச் சம்பளக்காரரை எண்ணி அமைக்கப்பட்ட அவ்விடம் காலப்போக்கில் சப்பானியச் செல்வத்தின் மறுபெயராயிற்று. இன்று வாரிசுகள் மரபுரிமைச் சொத்து வரி கட்ட மனையைத் துண்டாக்கி விற்க நேர்வதும், துண்டாடலைத் தடுக்க அக்கம்பக்கத்தார் விதிகள் வகுப்பதும் அங்குத் தொடரும் சிக்கல். மரமும் வேலியும் வளைந்த தெருவும் ஹோவர்டிடமிருந்து வந்தன. பொது நிலவுடைமை வரவில்லை. அது வராதபோது, திட்டம் காப்பாற்றிய அழகே விலையாக மாறிவிடுகிறது.

மலாயாவுக்கு இக்கொள்கையைக் கொண்டு வந்தவர் நியூசிலாந்தில் பிறந்த சார்லஸ் ரீட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் பூங்காப் புறநகர் ஒன்றை வடிவமைத்த அவர், 1921இல் கூட்டு மலாய் மாநிலங்களின் நகரத் திட்ட அதிகாரியாகக் கோலாலம்பூருக்கு வந்தார். ஆகவே தெனென்சோஃபுவும் கோலாலம்பூரின் நகரத் திட்டத் துறையும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பிள்ளைகள். ஒரே நூலைப் படித்தவர்களின் கைவேலை. ரீட் இருந்த பத்தாண்டுகளுக்குள் பெரிய துணை நகரம் எதுவும் எழவில்லை. அதற்கு ஒரு போரும் ஓர் அவசர காலமும் தேவைப்பட்டன.

தோட்டம் நகரான கதை

1948இல் அவசர காலம் அறிவிக்கப்பட்டபின், நாட்டுப்புறத்தில் பாதுகாப்பு இல்லாமையால் பலர் கோலாலம்பூரை நாடி வந்தனர். ஆற்றங்கரையிலும் இரயில் தடத்தின் ஓரத்திலும் ஈய மண் மேடுகளிலும் குடிசைகள் பெருகின. இந்நெரிசலைக் குறைக்கப் பழைய கிள்ளான் சாலையை ஒட்டி 1,200 ஏக்கர் பரப்புள்ள எப்பிங்காம் இரப்பர்த் தோட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1952இல் பணி தொடங்கியது. ஒன்றாம் சாலை, இரண்டாம் சாலை என்று எளிமையாகப் பெயரிடப்பட்ட இரு சாலைகளை மையமாக வைத்து 800 வீடுகள் எழுந்தன. இன்று 'பழைய பட்டணம்' என்று வழங்கும் பகுதி அதுவே. 1954இன் இறுதியில் தனி ஆணையம் நிறுவப்பட்டது. நாடு விடுதலை பெற்ற 1957இல் அங்கு 3,200க்கும் மேற்பட்ட வீடுகளும் 100க்கு மேற்பட்ட கடைகளும் இருந்தன. 28 தொழிற்சாலைகள் இயங்கின அல்லது எழும்பிக்கொண்டிருந்தன.

அதே 1957இல் கூட்டரசு நெடுஞ்சாலையின் முதற்கட்டம் திறக்கப்பட்டு நகரை இரண்டாகப் பிளந்தது. புகாரின் இரு பாக்கங்களுக்கு நடுவே இருந்தது நாளங்காடி. மரங்களின் அடியே கூடி இரு பக்கத்தாரும் வாங்கி விற்ற சந்தை அது. பெட்டாலிங் ஜெயாவின் இரு பாதிகளுக்கு நடுவே இருப்பதோ நடந்து கடக்க அஞ்சும் சாலை. இவ்வேறுபாட்டை மாணவரிடம் சொன்னால் நகரமைப்பு என்றால் என்ன என்பது உடனே விளங்கிவிடும்.

நகர் பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் எண். அதற்குள் ஒவ்வொரு சாலைக்கும் எண். 5/10 என்றால் ஐந்தாம் பிரிவின் பத்தாம் சாலை. அண்டை வீட்டாரின் அளவும் மனையின் அளவும் பெரும்பாலும் பிரிவைச் சொன்னவுடனே புலப்படும். பழைய பட்டணத்தின் சமதளத்தில் சிறு மனைகள். காசிங் குன்றை நோக்கி ஏற ஏறப் பெரிய மனைகள். புகாரில் கடலோரமும் உள்நகரும் செய்த வேலையை இங்கே சமதளமும் மேடும் செய்தன. ஒரே திட்டத்திற்குள்ளேயே ஏழையின் வீட்டுக்கும் அதிகாரியின் வீட்டுக்கும் இடம் வரையறுக்கப்பட்டதனால், எந்தப் பகுதி பின்னாளில் விலை உயரும் என்பதும் அன்றே முடிவாகிவிட்டது எனலாம்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஜாலான் தம்பிப்பிள்ளை, ஜாலான் விவேகானந்தா, ஜாலான் துன் சம்பந்தன் எனத் தெருப்பெயர்களே வரலாற்றுப் பாடமாக அமைகின்றன. பெட்டாலிங் ஜெயாவின் எண்களோ எவரையும் நினைவூட்டுவதில்லை. தெம்ப்ளர் சாலை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; 1952 முதல் 1954 வரை உயர் ஆணையராக இருந்தவர் பெயர் அது. எண் முறை அஞ்சல்காரருக்கு எளிது. ஆனால் அந்நிலத்தில் முன்பு பால்மரம் வெட்டியோரின் சுவடு ஒன்றும் மிஞ்சாதபடி துடைத்துவிடவும் அது எளிய முறையாயிற்று.

குவாட்டர்ஸிலிருந்து சொந்த மனைக்கு

இங்கே தமிழர் வந்த வழி எது? இதனை அறியப் பெட்டாலிங் ஜெயாவை விட்டுச் சற்றே கிழக்கே, பிரிக்பீல்ட்ஸுக்குச் செல்ல வேண்டும். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிய பின், செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற இவ்விடம் இரயில்வேயின் ஊராயிற்று. பட்டறையில் உழைத்தோர் தமிழகத்திலிருந்தும் பிற இந்தியப் பகுதிகளிலிருந்தும் வந்தனர். எழுத்தர், நிலைய அதிகாரி, நில அளவைத் துறையினர் போன்றோருள் யாழ்ப்பாணத் தமிழர் மிகுந்திருந்தனர். இவர்களுக்காக அரசு கட்டிய வரிசை வீடுகளுள் 1905ஆம் ஆண்டளவில் எழுந்த 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' பெயர் பெற்றது. ஜாலான் ஸ்கோட்டில் யாழ்ப்பாணச் சைவர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமமும் இக்குடியிருப்பைச் சூழ்ந்த சமூக வாழ்வின் அடையாளங்கள்.

பிரிக்பீல்ட்ஸும் ஒரு திட்டமிட்ட குடியிருப்பே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' என அறிவிக்கப்பட்டுத் தோரண வளைவுகள் நின்றபின் அது கடைவீதியாகவே மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் அதன் அடித்தளம் பதவிப் படிநிலைப்படி வகுத்த அரசு வீடுகள். எந்தப் பதவிக்கு எந்த வகை வீடு என்பது விதி. அவ்விதியின் மறுபக்கம் கொடியது: பணி ஓய்வு பெற்ற அன்று சாவியைத் திருப்பித் தர வேண்டும். முப்பது ஆண்டு அரசுக்கு உழைத்து, பிள்ளைகளை அங்கேயே பெற்று வளர்த்தவருக்கு ஓய்வூதியம் உண்டு, கூரை இல்லை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஓய்வை நெருங்கிய இத்தகைய அரசு ஊழியருக்குப் பெட்டாலிங் ஜெயாவின் மனைகள் பெரும் வாய்ப்பாக வந்தன. மாதச் சம்பளமும் கடன் பெறும் தகுதியும் உடையோர் அவர்கள். விண்ணப்பம் எழுதவும் ஆங்கிலத்தில் கடிதம் வரையவும் அறிந்தவர்கள். 1959இல் கோலாலம்பூரில் தொடங்கிய பல்கலைக்கழக வளாகமும், சிங்கப்பூரிலிருந்து அவ்வாண்டில் இடம் பெயர்ந்த நம் இந்திய ஆய்வியல் துறையும், பின்னர் எழுந்த பல்கலைக்கழக மருத்துவமனையும் கற்றோரை இப்பகுதிக்கு ஈர்த்தன. ஜாலான் சிலாங்கூரின் சித்தி விநாயகர் ஆலயம் இந்நடுத்தரத் தமிழ்க் குடியேற்றத்தின் மையமாக வளர்ந்தது. புவியியலார் மக்கீயும் மக்டகர்ட்டும் 1967இல் இந்நகரின் சமூகப் பொருளாதார ஆய்வை வெளியிட்டபோது, குடிசைவாசிகளுக்கான நகரம் ஏற்கனவே சம்பளக்காரர்களின் நகரமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நம்மவருள் ஒரு பகுதியினர் அத்திருப்பத்தால் பயன்பெற்றோர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர் சிலரின் பெற்றோர் வீடும் அங்கே இருக்கக்கூடும்.

விண்ணப்பப் படிவம் இல்லாதோர்

தோட்டப் பாட்டாளியின் நிலை வேறு. அவர் வாழ்ந்ததும் திட்டமிட்ட குடியிருப்பே. லயத்து வீடுகள் நேர் வரிசையில் நிற்கும். கிராணி வீடு சற்று விலகி நிற்கும். துரை பங்களா மேட்டில் நிற்கும். சமதளம், மேடு என்னும் அதே இலக்கணம். குவாட்டர்ஸைப் போலவே வேலை போனால் வீடும் போகும். ஆனால் அவருக்கு ஓய்வூதியமும் இல்லை. அடுத்த வீட்டுக்கான கடனும் இல்லை. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் பரவியபோது இது பெருந்துன்பமாயிற்று.

இதற்கு மறுமொழியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் சிறு தொகை செலுத்த, அப்பணத்தால் தோட்டங்களை வாங்கி அவர்களையே கூட்டு உடைமையாளர் ஆக்குவது அதன் நோக்கம். ஹோவர்டின் நூலை அத்தொழிலாளர் படித்திருக்க வாய்ப்பில்லை. எனினும் நிலம் கூட்டுடைமையாக இருக்க வேண்டும் என்னும் அந்நூலின் மையக் கருத்தை, அகன்ற சாலைகள் அமைத்த நகரத் திட்டத்தைவிட இச்சங்கமே நெருங்கிச் சென்றது என்பது நம் துணிபு. இச்சங்கம் அரசியல் வரலாற்று நூல்களில் பேசப்படும் அளவுக்கு வாழ்விட வரலாற்றில் பேசப்படுவதில்லை.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க இயலவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, வெளியேறிய குடும்பங்கள் பல புறம்போக்கு நிலங்களை நாடின. பெட்டாலிங் ஜெயாவின் தெற்கு விளிம்பில் இருந்த கம்போங் மேடான் வட்டாரம் அவற்றுள் ஒன்று. 2001 மார்ச்சில் அங்கு நிகழ்ந்த மோதல்களில் ஆறு உயிர்கள் பறிபோயின. மாண்டவருள் பெரும்பாலோர் இந்தியர். அதன் காரணங்களைப் பற்றிப் பலவாறு எழுதப்பட்டுள்ளது. இங்கு அவற்றுள் நுழையவில்லை. இடத்தை மட்டும் சுட்டுகிறோம். குடிசைவாசிகளின் நெரிசலைத் தீர்க்க 1952இல் தொடங்கிய நகரின் எல்லையிலேயே, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், நெரிசலில் வாழ்ந்த ஏழைகள் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர். ஐந்தாம் பிரிவின் மரநிழலிலிருந்து அவ்விடம் சில கிலோமீட்டர் தொலைவுதான்.

2006 சூன் 20இல் பெட்டாலிங் ஜெயா மாநகரத் தகுதி பெற்றது. இன்று அதன் முந்தைய தொழிற்சாலைப் பிரிவுகளில் அடுக்குமாடிகள் எழுகின்றன. காசிங் குன்றின்மீது வீடமைப்பு ஏறாதிருக்கக் குடியிருப்போர் போராடியுள்ளனர். தெனென்சோஃபுவைப் போலவே இங்கும் முதற்குடியேறியோரின் பிள்ளைகள் பெரிய மனையைப் பேணுவதா, விற்பதா என்று தடுமாறுகின்றனர். அவர்களை உறுத்தும் மற்றொன்று, முன்னர்க் குறித்த 99 என்னும் எண். பெட்டாலிங் ஜெயாவின் பழைய மனைகளுள் பெரும்பாலானவை 99 ஆண்டுக் குத்தகையில் வழங்கப்பட்டவை. ஐம்பதுகளில் பெற்ற குத்தகை இந்நூற்றாண்டின் ஐம்பதுகளில் முடியும். எஞ்சிய ஆண்டுகள் குறையக் குறைய வங்கிக் கடன் கிடைப்பது அரிதாகிறது. புதுப்பிக்கவோ கட்டணம் செலுத்த வேண்டும். நிலமதிப்பை ஊருக்குத் திருப்ப ஹோவர்ட் எண்ணிய கருவி குத்தகை. இங்கே அது முதியோர் தம் வீட்டின்மீது கொண்ட அச்சமாக மட்டும் எஞ்சியிருக்கிறது. ஓய்வு நாளில் குவாட்டர்ஸ் சாவியைத் திருப்பித் தந்தவரின் மகன், எழுபது வயதில் மீண்டும் காலக்கெடுவை எண்ணுகிறார்.

எப்பிங்காம் என்னும் தோட்டப் பெயர் ஐந்தாம் பிரிவின் எந்தச் சாலையிலும் இல்லை. பழைய பட்டணத்தின் முதலிரு சாலைகளுக்கும் அது சூட்டப்படவில்லை. நகரின் வடக்கே, அதே பெயருடைய தோட்டத்து நிலத்தில் பின்னாளில் எழுந்த பண்டார் உத்தாமாவில், பேரங்காடிக்கும் விலையுயர்ந்த வீடுகளுக்கும் இடையே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர்ப் பலகையில் எப்பிங்காம் தமிழ்ப்பள்ளி என்று எழுதியிருக்கிறது.